ஓமன் ஹஜர் மலை: மே கடைசி வெப்ப அலை – முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது, என்னென்ன தயார் செய்வது

#1 தென்காற்று

மே பாதி தாண்டியதும் "ஆப்ல நிஸ்வா 47 காட்டுது, ஜபல் அக்தர் 36 காட்டுது, நம்பலாமா?" என்று கேள்விகள் வரத் தொடங்கிவிடும். (நிஸ்வா மலையடிவார ஊர், ஜபல் அக்தர் அதற்கு மேலே இருக்கிற மலை.) எல்லாவற்றையும் இந்த ஒரே இழையில் பேசிக்கொள்வோம்.

முதலில் சூழ்நிலை. மே கடைசியிலும் ஜூன் முதல் பாதியிலும் ரூபுல் காலி பாலைவனத்தின் மேல் வெப்பத்தால் உண்டாகும் தாழ்வழுத்தம் ஆழமாகிறது. அதற்கு மேலே, 5–6 கி.மீ. உயரத்தில், ஓர் உயரழுத்தம் வந்து உட்காரும். அது காற்றைக் கீழ்நோக்கி அழுத்துவதால் மேகம் எழாது, தரை முழு வெயிலையும் வாங்கிக்கொள்ளும். சூரியன் நண்பகலில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும் காலம் வேறு. அமீரகத்தின் ஸ்வைஹானில் 2025 மே 24 அன்று 51.6 டிகிரி பதிவானதை நினைவில் வையுங்கள். ஜூலை வரை காத்திருக்க வேண்டிய அவசியம் வெயிலுக்கு இல்லை.

மாடல் (கணினி முன்னறிவிப்பு) வரைபடத்தில் நான் பார்ப்பது ஒரே ஒரு எண்: காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கிற மட்டத்து வெப்பநிலை. இந்த மட்டம் இங்கே கோடையில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கும். பிற்பகலில் பாலைவனக் காற்று தரையிலிருந்து 3–4 கி.மீ. வரை நன்றாகக் கலந்துவிடுவதால், அங்கிருந்து கீழே இறங்க இறங்க 1,000 மீட்டருக்கு 9.8 டிகிரி கூட்டிக்கொள்ளலாம். மேலே ஏறினால் அதே கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு 850-ல் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நிஸ்வா சுமார் 500 மீட்டர் உயரம். இடையில் 950 மீட்டர், அதாவது 9.3 டிகிரி. ஆக 42.3. தரையை ஒட்டிய சூட்டுக்கு இன்னும் 1–2 டிகிரி சேர்த்தால் 44. நிஸ்வாவைத் தாண்டிப் பாலைவனத்தில் 200–300 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊருக்கு 46–47. கடல் மட்டம் வரை அதே காற்று இறங்கினால் 47-ஐத் தாண்டும். 850-ல் 30-க்குக் கீழே இருந்தால் அது சாதாரண மே மாத வெயில். 32 தாண்டி மூன்று நாளுக்கு மேல் நின்றால் அதை வெப்ப அலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

#2 புதுவரவு

சார், அப்போ ஜபல் அக்தருக்கு இந்தக் கணக்கு போட்டா 28தானே வருது? அங்க இருக்கிற சாய்க் பீடபூமி 1,900 மீட்டருக்கு மேல. ஆனா ஆப் 36னு சொல்லுது. எது சரி?

#3 தென்காற்று

இரண்டுமே இல்லை. உயரமான பீடபூமி வெறும் காற்றில் தொங்குகிற புள்ளி கிடையாது. அந்தத் தரையும் வெயிலில் காய்ந்து தன் மேலிருக்கிற காற்றைச் சூடாக்குகிறது. அதனால் சாய்க்குக் கணக்கில் வருவதோடு 4–5 டிகிரி கூட்டணும். 850-ல் 33 என்றால் சாய்க்கில் 32–34 எதிர்பார்க்கலாம்.

ஆப் 36 காட்டுவதற்குக் காரணம் வேறு. இலவச ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாடலின் 25 கி.மீ. கட்டத்தையோ ஐரோப்பிய மாடலின் 9 கி.மீ. கட்டத்தையோ எடுத்து ஊர்ப் பெயரை ஒட்டி விடுகின்றன. 25 கி.மீ. கட்டத்துக்குள் ஜபல் அக்தரின் விளிம்பும் பிர்கத் அல் மவ்ஸ் அடிவாரமும் ஒன்றாக விழுந்துவிடும். மாடலுக்குத் தெரிவது 1,300 மீட்டரிலோ 1,400 மீட்டரிலோ ஒரு மழுங்கிய மேடு மட்டும்தான். அந்த மேட்டின் வெப்பநிலையைத்தான் நீங்கள் மலை உச்சியின் வெப்பநிலையாகப் படிக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: மீட்டியோகிராம் (ஒரு இடத்தின் நேரவாரி முன்னறிவிப்பு வரைபடம்) காட்டுகிற தளம் எதிலாவது உங்கள் புள்ளியை அழுத்திப் பாருங்கள். மாடல் எந்த உயரத்தை வைத்திருக்கிறது என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும். உண்மையான உயரத்தோடு ஒப்பிட்டு, பகல் உச்சத்துக்கு 100 மீட்டருக்கு 0.8 முதல் 1 டிகிரி திருத்துங்கள். இரவுக்கு இந்தத் திருத்தம் போடாதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும், கணக்கு சில இடங்களில் தலைகீழாகிவிடும்.

#4 கரடுமுரடு

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். ஜபல் ஷம்ஸ் விளிம்புக்கும் கீழே 'வாதி நகர்' (வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஆற்றுப் படுகை) பள்ளத்தாக்கின் அடிக்கும் சுமார் 1 கி.மீ. உயர வித்தியாசம். கிடைமட்டத் தூரத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கம். மாடலுக்கு ரெண்டும் ஒரே எண். விளிம்பில் 33–34 என்றால் பள்ளத்தாக்கின் அடியில் 43–44. அதோடு சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் ரெண்டு பக்கமும் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும்.

விளிம்பில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று கீழே இறங்கும் வழியில் கால் வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மலையேற்றத்தில் பொதுவாகக் கஷ்டமான பாதி முதலில் வரும். பள்ளத்தாக்கில் அது கடைசியில், நண்பகலில், தண்ணீர் தீர்ந்த பிறகு வரும்.

#5 மத்ரா_கரை

மஸ்கட்டைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். ஒரு நாள் 37, அடுத்த நாள் 46. ஆப் எப்போதும் நடுவில் 41 போட்டு வைக்கிறது.

#6 தென்காற்று

அண்ணா, அதுதான் இந்த மலையின் முக்கியமான விளையாட்டு, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மஸ்கட்டில் இரண்டு காற்றுகள் மோதுகின்றன. ஒன்று ஓமன் வளைகுடாவிலிருந்து வரும் கடற்காற்று. கடல் நீர் இந்தச் சமயம் 30 டிகிரிக்கு அருகில் இருப்பதால் இந்தக் காற்று 36–38-க்கு மேல் போகாது, ஆனால் ஈரம் பிழிந்து ஊற்றும். இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கத்துப் பாலைவனத்திலிருந்து ஹஜர் முகட்டைத் தாண்டியும் சமாயில் கணவாய் வழியாகவும் வரும் மேற்கு, தென்மேற்குக் காற்று. உள்ளூரில் 'கர்பி' என்பார்கள். அது கரையை நோக்கி இறங்கும்போது அழுத்தம் கூடி, 1,000 மீட்டருக்கு 9.8 டிகிரி கணக்கில் சூடாகும். நிஸ்வாவில் 44-ஆக இருந்த அதே காற்று கடல் மட்டத்துக்கு வந்தால் தாள்கணக்கில் 49. வழியில் கொஞ்சம் கலந்து 46–47 ஆக நிற்கும்.

கர்பி வென்றால் உலர்ந்த 46. கடற்காற்று வென்றால் பிசுபிசுத்த 37. இரண்டுக்கும் நடுவே 41 என்று ஒரு நாள் அநேகமாகக் கிடையாது. ஐரோப்பிய மாடலின் 51 ஓட்டங்களில் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் போடுகிற முன்னறிவிப்புகள்) பாதி 46, பாதி 37 என்று சொன்னால் ஆப் சராசரி போட்டு 41 என்கிறது. சராசரியைப் பார்க்காமல் ஓட்டங்களின் பரவலைப் பாருங்கள். வெப்ப அலை வருகிறது என்பதை 5–7 நாள் முன்பே நம்பலாம். எந்த நாளில் மஸ்கட்டுக்குக் கர்பி இறங்கும் என்பதை 36–48 மணி நேரத்துக்கு முன்னால் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

காலையில் கண்டுபிடிக்க ஒரு வழி: விமான நிலைய வானிலை அறிக்கையில் பனிநிலை (டியூ பாயின்ட்) எண்ணைப் பாருங்கள், காற்றில் எவ்வளவு ஈரம் என்று அது காட்டும். 25–28 என்றால் கடற்காற்று. காலை 8 மணிக்குள் அது 12, 10 என்று சரிந்து, காற்றுத் திசை 220–270 டிகிரிக்குத் திரும்பிவிட்டால் அன்று கடற்காற்று மதியம் தாண்டித்தான் வரும், அல்லது வரவே வராது.

இரவிலும் கர்பி நிற்காவிட்டால் நிலைமை மோசம். 2018 ஜூன் 26 அன்று குரியாத்தில் 24 மணி நேரக் குறைந்தபட்சமே 42.6 டிகிரி. கடல் 30–32-ல் இருக்கும்போது கரையோர ஊர் நள்ளிரவிலும் 42-க்குக் கீழே வரவில்லை என்றால் காற்று கடலிலிருந்து வரவில்லை என்றுதான் அர்த்தம்.

#7 சைட்_சேஃப்டி

மேலே சொன்ன 46, 37 இரண்டையும் சைட்டுக்காரர்கள் தப்பாகப் படிக்கிறார்கள். 37 என்றதும் "இன்னிக்கு பரவாயில்லை" என்று ஃபோர்மேன் ஆளை ஏற்றிவிடுவார். கணக்கைப் பாருங்கள்.

நிஸ்வா பக்கம் 46 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம்: ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, இது ஏறினால் வியர்வை ஆவியாகி உடம்பு ஆறாது) சுமார் 21–22.
மஸ்கட் கரை 38 டிகிரி, பனிநிலை 29: ஈரக்குமிழ் சுமார் 31.

டபிள்யூ.பி.ஜி.டி. என்பது ஈரம், வெயில், வெப்பம் மூன்றையும் சேர்த்து உடம்பின் மேல் விழும் சுமையைக் காட்டும் எண். வெளியிடத்துக்கான சூத்திரம்: இயற்கை ஈரக்குமிழில் (வெயிலிலும் காற்றிலும் அப்படியே வைத்து அளப்பது) 0.7 பங்கு, கறுப்புக் கோள வெப்பநிலையில் (வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் அளப்பது) 0.2 பங்கு, நிழல் வெப்பநிலையில் 0.1 பங்கு. வெயிலில் நிஸ்வாவுக்கு சுமார் 33 வரும். கரைக்கு 36 பக்கம் வரும். 8 டிகிரி குறைவாகக் காட்டுகிற ஊர்தான் உடம்புக்கு அதிக ஆபத்து. 33-உம் ஒன்றும் சாதாரணம் இல்லை. நடுத்தர உழைப்புக்கு, வெயிலுக்குப் பழகிய ஆளுக்கே, தொடர்ந்து வேலை செய்ய 28-தான் அமெரிக்கத் தொழில்நலத் துறையாளர் சங்கம் (ஏ.சி.ஜி.ஐ.எச்.) வைத்திருக்கிற வரம்பு. 31.5 வரை போனால் ஒரு மணி நேரத்தில் கால் பங்குதான் வேலை. அதற்கு மேல் வேலையை நிறுத்த வேண்டியதுதான். பழகாத ஆளுக்குத் தொடர்வேலை வரம்பு 25.

கைக் கருவி வாங்கினால் கறுப்புக் கோளம் உள்ளதா என்று பாருங்கள். வெறும் வெப்பமும் ஈரப்பதமும் அளந்து "டபிள்யூ.பி.ஜி.டி." என்று திரையில் காட்டுகிற மலிவுக் கருவிகள் வெயிலைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கருவியை முக்காலியில், நெஞ்சு உயரத்தில், ஆள் வேலை செய்கிற வெயிலிலேயே வைத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுத்தான் படிக்கணும். ஆபீஸ் வாசல் நிழலில் வைத்து எழுதுகிற எண் ரெஜிஸ்டருக்கு மட்டும் உதவும்.

#8 நிஸ்வா_கடைவீதி

மதிய வேலைத் தடை ஜூன் 1-க்குத்தானே தொடங்குது? மே 25-க்கு வெப்ப அலை வந்தா கான்ட்ராக்டர் "சட்டப்படி இன்னும் டைம் இருக்கு"ன்னு சொல்றாரே.

#9 சைட்_சேஃப்டி

அதுதான் மே கடைசி அலையின் பெரிய பிரச்சினை. ஓமனில் 2008-ஆம் ஆண்டின் 286-ஆம் எண் அமைச்சக முடிவு, 16-ஆம் பிரிவு: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் 12:30 முதல் 3:30 வரை திறந்தவெளி வேலை கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, 12:30 முதல் 3:00 வரை. வெயில் நாள்காட்டி பார்த்து வருவதில்லை. தடை தொடங்காவிட்டாலும் தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் பொறுப்பு என்பது மாறாது. அதனால் வேலை முறையை மே நடுவிலேயே மாற்றிவிடுங்கள்: காலை 4:30 முதல் 11:00 வரை ஒரே ஷிஃப்ட், மிச்சம் மாலை 5-க்கு மேல். சூரியன் 5:20 வாக்கில் உதித்துவிடும், முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விளக்கு போதும்.

இரண்டாவது, ஊருக்கு லீவில் போய்த் திரும்புகிறவர்கள். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை என்று நம்ம ஆட்கள் நிறையப் பேர் அப்போதுதான் போய் வருவார்கள். இரண்டு மூன்று வாரம் வெயில் வேலை இல்லாவிட்டால் உடம்பின் பழக்கம் பெரும்பகுதி போய்விடும். "மதுரையிலயும் இதே வெயில்தான்" என்பது இங்கே செல்லாது. பழக்கம் என்பது வெயிலில் உழைப்பதால் வருவது, வெயில் ஊரில் இருந்துவிட்டு வருவதால் வருவது அல்ல. அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.எஸ்.எச்.) முறை: புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத நேரம்தான் வெயில் வேலை, பிறகு தினமும் 20 கூட்டணும். ஏற்கெனவே இந்த வேலை செய்து திரும்புகிறவருக்கு 50, 60, 80, 100. முழுப் பழக்கத்துக்கு 7–14 நாள்.

கான்கிரீட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பல திட்டங்களில் கலவையின் வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் போனால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். பகலில் 46-க்கு அந்த எண் கிடைக்காது. இரவு ஊற்றுங்கள், கலவைத் தண்ணீரில் ஒரு பங்கைப் பனிக்கட்டியாகப் போடுங்கள். உலர் கர்பி அடிக்கிற இரவென்றால் மேற்பரப்பு வெடிக்கும், ஃபினிஷிங் முடிந்த கையோடு பாலித்தீன் விரிக்கணும்.

#10 புதுவரவு

தண்ணி எவ்வளவு குடிக்கணும்? சால்ட் மாத்திரை போடலாமா? கேம்ப்ல ஒருத்தர் தினமும் போடச் சொல்றார்.

#11 சிவப்புப்பை

உப்பு மாத்திரை வேண்டாம் தம்பி. வயிற்றைப் புரட்டும், வாந்தி வந்தால் இருக்கிற தண்ணீரும் போகும்.

15–20 நிமிஷத்துக்கு ஒரு கப், அதாவது 250 மி.லி. மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை கெடும். எதையும் குடிக்காமல் மயங்கினாரா, குடித்துக் குடித்து வாந்தி எடுத்தாரா என்று கூட இருந்தவரைக் கேளுங்கள். அந்தப் பதிலை ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்வது முக்கியம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் இடையில் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நாக்கில் கண்ணீர் உப்புக்கு மேல் உப்பாகத் தெரியக் கூடாது. கடையில் கிடைக்கிற லபானும் நம்ம மோர்தான், சாப்பாட்டோடு குடித்தால் உப்புக் கணக்குக்குப் போதும். எனர்ஜி டிரிங்க் கேன்களைச் சைட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுகிறவர்கள், குறிப்பாகச் சிறுநீர் கூடுதலாகப் போக வைக்கும் மாத்திரை போடுகிறவர்கள், இந்த வாரம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடணும்.

#12 மத்ரா_கரை

வெயில் அடித்து விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது? மலைப்பக்கம் ஆம்புலன்ஸ் வரவே நேரம் ஆகுமே.

#13 சிவப்புப்பை

9999-க்குப் போன் ஒருவர் போடட்டும். இன்னொருவர் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்கணும். வண்டி வரும் வரை காத்திருப்பதோ, காரில் ஏற்றிக்கொண்டு ஏ.சி. போட்டு ஓடுவதோ தப்பு. ஏ.சி. காற்று 41 டிகிரி உடம்பை இறக்காது.

அடையாளம்: பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, நடை தள்ளாடுவது, வலிப்பு. வியர்வை நின்றிருக்கணும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். வேலை செய்துகொண்டே விழுகிறவருக்கு உடம்பெல்லாம் வியர்வை இருக்கும். அதைப் பார்த்து "ஒண்ணுமில்லை, வேர்க்குது" என்று விட்டுவிடாதீர்கள்.

எப்படிக் குளிர்விப்பது என்பது நீங்கள் மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நிஸ்வா, இப்ரி, ஹம்ரா பக்கம், உலர்ந்த காற்று: நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அட்டைப்பெட்டி மூடியோ தட்டோ எதையாவது வைத்து வேகமாக விசிறுங்கள். 10 சதவீத ஈரப்பதத்தில் தண்ணீர் சடசடவென்று ஆவியாகும், உடம்புச் சூடு நன்றாக இறங்கும். காய்ந்த இடத்தை மறுபடி நனைத்துக்கொண்டே இருக்கணும்.

மஸ்கட், பாத்தினா கரை, ஈரக்காற்று: விசிறினாலும் ஆவியாகாது. சைட்டில் இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸும் தண்ணீரும் போட்டுக் கழுத்து வரை இறக்குங்கள், தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளணும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயை நான்கு பேர் தூக்கிப் பிடித்து அதற்குள் கிடத்தி ஐஸ் தண்ணீர் ஊற்றலாம். அதுவும் முடியாதபோதுதான் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் பை.

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் இல்லை. நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆசனவாய் வெப்பமானி இருந்தால் 39-க்கு வந்ததும் குளிர்விப்பதை நிறுத்தலாம். இல்லையென்றால் நடுங்கத் தொடங்கும் வரை, அல்லது தெளிவாகப் பேசும் வரை.

#14 ரேடியேட்டர்

வண்டி விஷயம்.

ஜபல் அக்தர் ஏற்றத்துக்குப் பிர்கத் அல் மவ்ஸ் தாண்டி போலீஸ் சோதனைச் சாவடி. ஃபோர் வீல் வண்டி இல்லாமல் விட மாட்டார்கள். அடிவாரம் 43-ல் இருக்க, ஏ.சி.யோடு 1,300 மீட்டருக்கு மேல் ஏறணும். சூடு ஏறுவது பெரும்பாலும் ரெண்டு காரணத்தால்: ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற ஏ.சி. கண்டென்சரின் இடுக்கில் தூசியும் பூச்சியும் அடைத்திருப்பது, ஃபேன் கிளட்ச் தளர்ந்திருப்பது. சமதளத்தில் ரெண்டுமே தெரியாது. 30 கி.மீ. வேகத்தில் ஏறும்போது எதிர்காற்று இல்லாததால் தெரிந்துவிடும். கண்டென்சரை உள்ளிருந்து வெளியே பார்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பிடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும். என்ஜின் ஆறியிருக்கும்போது கிளட்ச் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். விட்டதும் இரண்டு மூன்று சுற்று தானாக ஓடினால் எண்ணெய் போய்விட்டது.

கூலன்ட் பாதிக்குப் பாதி. "இங்க பனி உறையாது, வெறும் தண்ணி போதும்" என்பவர்களுக்கு: கூலன்ட் கொதிநிலையையும் உயர்த்தும். மேலே 2,000 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, பொங்கிவிடும். முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திறங்கள், ஓரமாக ஒதுங்கி என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓட விடுங்கள். உடனே அணைத்தால் பம்ப் நின்று தலைப்பகுதி இன்னும் சூடாகும். மூடியை அரை மணி நேரம் தொடாதீர்கள்.

இறக்கத்தில் பிரேக். குறைந்த கியரில், பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், விட்டு விட்டு. பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் நிற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிரேக் ஆயிலை இரண்டு வருஷமாக மாற்றாத வண்டியை மலைக்குக் கொண்டு போகாதீர்கள், அதில் ஈரம் ஏறி கொதிநிலை இறங்கியிருக்கும்.

டயர்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஐந்து வருஷம் தாண்டினால் கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அழுத்தம் விடிகாலை ஆறிய டயரில் அளக்கணும். வெப்பநிலை 5–6 டிகிரி ஏறினால் 1 பி.எஸ்.ஐ. ஏறும், அது இயல்பு. மதியம் அளந்துவிட்டு "அதிகமா இருக்கே" என்று காற்றை இறக்கினால் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி, மடங்குவதாலேயே சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

#15 கரடுமுரடு

வெள்ளி, சனி விடுமுறைக்கு ஜபல் ஷம்ஸ் போகிறவர்களுக்கு. அல் கிதைமிலிருந்து அஸ் ஸாப் பழைய ஊர் வரை போகிற டபிள்யூ-6 பாதை, 'பால்கனி வாக்' என்று எல்லோரும் சொல்வது, போய்வர மூன்றரை, நான்கு மணி நேரம். வெப்ப அலையிலும் செய்யலாம், ஆனால் 5:30-க்கு நடக்கத் தொடங்கி 9:30-க்குள் வண்டிக்குத் திரும்பணும். ஆளுக்கு 3 லிட்டர் முதுகில், 5 லிட்டர் வண்டியில். மேலே காற்று 30 டிகிரிதான் என்பதால் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் பிந்தித்தான் எடுக்கும். புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் கூடும். தொப்பியை விட, கழுத்தை மூடும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலையில் நனைத்துச் சுற்றிய துணியும் நல்லது.

உச்சிக்குப் போகிற டபிள்யூ-4-ஐ அந்த வாரம் விட்டுவிடுங்கள். ஒரே நாளில் முடிக்க நண்பகல் வெயிலில் நடந்தே ஆகணும், நடுவில் நம்பிப் போகக்கூடிய தண்ணீர் கிடையாது.

#16 நிஸ்வா_கடைவீதி

வெயில் அதிகமா இருந்தா சாயங்காலம் மலையில மழை கொட்டுதே, அது எப்போ?

#17 தென்காற்று

அலையின் உச்சத்தில் வராது, அது உடையும்போது வரும். உயரழுத்தம் மேலே அழுத்திக்கொண்டிருக்கும் வரை மேகம் எழ முடியாது. அது நகர்ந்ததும் வடக்கே வளைகுடாவிலிருந்து ஈரக்காற்றும் தெற்கே பாலைவனக் காற்றும் முகட்டில் சந்தித்து, மதியம் 2 முதல் மாலை 6-க்குள் திடீரென்று மேகம் கட்டும். செயற்கைக்கோள் படத்தில் முகட்டை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள் மதியம் 1 மணிக்கே தெரிந்தால் எந்த வாதியிலும் இருக்காதீர்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் வானம் நீலமாக இருக்கும். 20 கி.மீ. மேலே பெய்தது வெறும் பாறையில் ஒரு சொட்டு ஊறாமல் வழிந்து வந்து சேரும்.

இன்னொன்று: மேகத்தின் அடி 4 கி.மீ. உயரத்தில் இருப்பதால் முதலில் வருகிற மழை பாதி வழியிலேயே ஆவியாகும். ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று கீழே விழும். மழை விழாமல் புழுதிக் காற்று மட்டும் அடிக்கும். கிரேன், சாரம், கூடாரம் இருக்கிற இடத்தில் மழையை விட அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

#18 மத்ரா_கரை

வீட்டுக்கு? ஏர் கூலர் வாங்கலாமா, ஏ.சி.தான் வேணுமா?

#19 ரேடியேட்டர்

நிஸ்வா பக்கம் கூலர் வேலை செய்யும். 46 டிகிரி, ஈரக்குமிழ் 21.5, நல்ல பேட் 80 சதவீதம் வேலை செய்தால் 26–27-ல் காற்று வரும். ஜன்னல் திறந்திருக்கணும், இல்லையென்றால் அறையே ஈரமாகிவிடும். மஸ்கட்டில் அதே கூலர் 38-ஐ 32 ஆக்கி அறையைக் குளியலறை ஆக்கும், காசு வீண்.

ஏ.சி. வாங்கினால் ஸ்டிக்கரில் 'டி-3' என்று இருக்கா பாருங்கள். டி-1 வகை 35 டிகிரிக்கு அளந்தது, 43-ஐத் தாண்டினால் கம்ப்ரெசர் அடிக்கடி நின்றுவிடும். டி-3 வகை 46-க்கு அளந்தது, 52 வரை ஓடும். வெளி யூனிட்டுக்கு மேலே நிழல் போடலாம். ஆனால் சுடுகாற்று வெளியேறுகிற முகத்தை அடைத்துவிடாதீர்கள்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கையைச் சுடும். இங்கே எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான்: கீசர் சுவிட்சை அணைத்து வையுங்கள். அது வீட்டுக்குள், ஏ.சி. நிழலில் இருக்கிற 50 லிட்டர் தொட்டி. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். காலையில் நிரம்பியதை மதியம் குளிக்கலாம்.

#20 புதுவரவு

கடைசியா ஒண்ணு. வெள்ளிக்கிழமை கேம்பிங்குக்கு வாங்கின கேஸ் கேன் வண்டி டிக்கியிலேயே கிடக்குது, அடுத்த வாரத்துக்கு அப்படியே விடலாமா?

#21 ரேடியேட்டர்

இன்னைக்கே எடுத்துடு தம்பி. கேன் மேலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே மதியம் 60-ஐத் தாண்டும். லைட்டர், பெர்ஃப்யூம் ஸ்ப்ரே, பவர் பேங்க் எல்லாத்தையும் சேர்த்து வீட்டுக்குள்ள எடுத்து வை. கேனை அடுப்பு பக்கத்துலயும் வைக்காதே.